அடுப்படியில் ஒரு பிடி

அரிசியைக் களைந்து உலையில் இடுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பது நம் நாட்டின் பல பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். தமிழில் இதற்குப் பிடி அரிசி என்று பெயர். மராட்டியத்திலும் வங்காளத்திலும் ‘முஷ்டி’ என்ற சொல்லோடு சேர்த்து வழங்குவார்கள். வடகிழக்கே மிசோரம் மலைகளில் இதற்குப் ‘புஃபாய் தாம்’ என்று பெயர். மொழி வேறு, வழிபாடு வேறு, பாத்திரத்தின் வடிவம்கூட வேறு. கை மட்டும் ஒரே வேலையைச் செய்கிறது.

நற்செயல்களைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பெரும்பாலும் பெரியவையே நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனை கட்டியவர், பள்ளிக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர், வெள்ளக் காலத்தில் படகில் போய் உயிர்களைக் காத்தவர் என்று பலர் நம் வணக்கத்துக்கு உரியவர்களே. ஆனால் அவர்களைப் பற்றிப் படித்து மனம் நெகிழ்ந்த பிறகு, ‘நம்மால் இவ்வளவு முடியுமா?’ என்ற பெருமூச்சோடு நாம் எழுந்து போய்விடுகிறோம். பெருமூச்சும் ஒரு வகையில் வசதியானதுதான். நம்மை எதுவும் செய்யச் சொல்லாது. பிடி அரிசி அந்தப் பெருமூச்சுக்கு இடம் கொடுப்பதில்லை. சமைக்கின்ற வீட்டில் ஒரு பிடியை எடுக்க முடியாத வீடு அநேகமாக இல்லை.

இந்த வழக்கத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிடி எப்போது எடுக்கப்படுகிறது என்பது. உண்டு முடித்தபின் மிஞ்சியதை ஒருவருக்குக் கொடுப்பதும் நல்லதே. வீணாவதைவிடக் கொடுப்பது மேல். எனினும் மிஞ்சியதைக் கொடுக்கும்போது நம் பசி முதலிலும் பிறர் பசி பிறகும் நிற்கின்றன. களைவதற்கு முன்னரே எடுத்து வைக்கும் பிடியோ, நம் பங்கு இன்னதென்று தீர்மானமாகுமுன்னரே பிறர் பங்காகிவிடுகிறது. அதைப் பெறப் போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் நல்லவரா, நன்றியுள்ளவரா, நம் ஊர்க்காரரா என்ற கேள்விகள் எழுவதற்கு வழியே இல்லை. கொடுப்பதில் கலந்துவிடும் கர்வம் என்ற கசடு இவ்வாறு தொடக்கத்திலேயே வடிகட்டப்படுகிறது.

மிசோரமின் கதை

மிசோரமில் இவ்வழக்கம் 1910-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ சபையின் பெண்களிடையே தொடங்கியது. நெல் விளைவித்து உண்ட மக்கள். கையில் ரொக்கம் அதிகம் புழங்காத காலம். காணிக்கையாகப் பணம் கொடு என்றால் பெரும்பாலான வீடுகளால் இயலாது. ஆகவே ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது வீட்டின் தாய் ஒரு பிடி அரிசியை வேறொரு பாத்திரத்தில் இட்டு வைப்பாள். அந்த அரிசியைப் பெண்களே வீடு வீடாகச் சென்று திரட்டுவார்கள். திரட்டியது விற்கப்பட்டு, அந்தத் தொகை சபையின் பணிகளுக்குச் செலவாகும். நூற்றாண்டு கடந்த பின்னும் இவ்வழக்கம் அங்கே தொடர்கிறது. சிறிய மாநிலம் ஒன்றின் பெரும் பணிகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த அரிசிப் பாத்திரங்கள் இருக்கின்றன.

அம்மக்களின் மொழியில் ‘த்லாங்ஙைனா’ என்று ஒரு சொல் உண்டு. ஒரே சொல்லில் அதைத் தமிழாக்குவது கடினம். தன்னலம் கருதாமை, பிறர் துன்பத்தில் முந்திச் சென்று நிற்றல், செய்த உதவியைச் சொல்லிக்காட்டாமை ஆகிய எல்லாம் அதில் அடங்கும். செலிங் என்ற ஊரை ஒட்டிய நெடுஞ்சாலை ஓரத்தில் கடைக்காரர் இல்லாத சிறு கடைகள் இருப்பதையும் நம் வாசகர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். காய்கனிகளை அடுக்கி, விலையை எழுதி வைத்துவிட்டு உழவர் தம் தோட்டத்துக்குப் போய்விடுவார். வேண்டியதை எடுத்துக்கொண்டு உரிய பணத்தை அங்குள்ள பெட்டியிலோ டப்பாவிலோ போட்டுவிட்டுச் செல்ல வேண்டும். ஒரு சமூகம் ஒருவரையொருவர் நம்புவதற்கு எங்கே பழகிக்கொள்கிறது என்று கேட்டால், அடுப்படியிலும் என்று பதில் சொல்லத் தோன்றுகிறது. தினமும் இரண்டு வேளை, பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில், யாருக்கோ உரியதை அளந்து வைக்கும் கை அல்லவா அது?

சாத்தாராவில் மாணவர் உண்ட சோறு

மராட்டியத்தில் இந்தப் பிடி தானியம் கல்விக்கு உரமாயிற்று. 1919-ஆம் ஆண்டில் காலே என்ற சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கியவர் பாவுராவ் பாட்டீல். மக்கள் அவரைக் கர்மவீரர் என்று அழைத்தனர். எழுத்தறிவு எட்டாத உழவர் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதே அவர் நோக்கம். பள்ளி இருந்தால் மட்டும் போதாது, தொலைவிலிருந்து வரும் ஏழைப் பிள்ளை தங்கி உண்ண ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். சாத்தாரா நகரில் அவர் நடத்திய விடுதிக்கு 1927-இல் காந்தியடிகள் வருகை தந்தபோது, அதற்குச் சத்ரபதி ஷாகு மகாராஜாவின் பெயர் சூட்டப்பட்டது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட விடுதி அது. அந்தக் காலத்தில் அது எளிதில் நடந்துவிடக்கூடிய காரியமன்று.

அப்பிள்ளைகளுக்கு உணவு எங்கிருந்து வந்தது? ‘முஷ்டி நிதி’ என்ற பெயரில் வீடுகளில் ஒவ்வொரு பிடியாகச் சேர்க்கப்பட்ட தானியம் அதில் ஒரு பங்கு. அது போதாத நாட்களும் உண்டு. பாவுராவின் மனைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை ஒவ்வொன்றாக விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறிட்டார். கடைசியில் மங்கல நாணிலிருந்த பொன்னும் போயிற்று. இதனைப் படிக்கும்போது நம் கண்கள் இலட்சுமிபாயிடமே நிலைத்துவிடுகின்றன. அது இயல்பு. ஆயினும் தினம் ஒரு பிடி தானியம் எடுத்து வைத்த, வரலாற்றில் பெயரில்லாத அந்த வீட்டுப் பெண்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். அவர்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகவே இருந்திருப்பார்கள். தாங்கள் வாசிக்கவே முடியாத புத்தகங்களுக்காக அவர்கள் அளந்து வைத்தார்கள்.

குழந்தையின் கை

ஆசார்ய வினோபா பாவே, 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதான இயக்கத்தால் நாடெங்கும் அறியப்பட்டவர். நிலம் உள்ளவர்களிடம் நிலம் கேட்ட அவர், 1950-களின் பிற்பகுதியில் எல்லா வீடுகளிலும் ‘சர்வோதய பாத்திரம்’ வைக்கும்படி கேட்டார். அதில் தினமும் ஒரு பிடி தானியம் இட வேண்டும். அதிலும் அவர் விதித்த நிபந்தனைதான் அழகானது: அந்தப் பிடியை வீட்டிலுள்ள குழந்தையின் கையால் இடச் செய்ய வேண்டும்.

குழந்தையின் கை சிறியது. ஆகவே தானியம் குறையும். கணக்குப் பார்ப்பவர் இதை நஷ்டம் என்பார். வினோபாவோ அந்தத் தானியத்தைவிட அக்கையையே பெரிதாக எண்ணினார். சோறு உண்ணும் முன் பிறருக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதை ஒரு குழந்தை பாடமாகப் படித்தால் மறந்துவிடும். ஆயிரம் முறை கையால் செய்தால், அது பல் துலக்குவதைப் போல உடலின் பழக்கமாகிவிடும். ஒரு நாள் மறந்துபோனால் அதுவே வந்து நினைவூட்டும். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இதைச் செய்து பார்த்தால் விளங்கும்; பெரியவர்கள் சோம்பினாலும் குழந்தைகள் விடுவதில்லை.

தமிழ்நாட்டில் காஞ்சி மகாபெரியவர் பிடி அரிசித் திட்டத்தை வற்புறுத்தியதை நம் மூத்த வாசகர்கள் அறிவார்கள். வீடுதோறும் தினம் ஒரு பிடி அரிசியும் ஒரு சிறு காசும் எடுத்து வைத்து, அதனைத் திரட்டி, கோயிலில் சமைத்து நிவேதனம் செய்து, ஏழைகளுக்குப் பிரசாதமாக வழங்குவது அத்திட்டம். பெறுகிறவர் பிச்சையாகப் பெறுவதில்லை, பிரசாதமாகப் பெறுகிறார். கொடுத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. பெறுபவர் தலைகுனியாதபடி கொடுப்பதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு அரிது.

சாஸ்திரம் என்ன சொல்கிறது?

இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளை நம் தர்ம நூல்கள் விதிக்கின்றன. ஓதுதல், தேவர்களை வழிபடுதல், மூதாதையரைப் போற்றுதல், மனிதர்க்கு உணவிடுதல், பிற உயிர்களுக்கு உணவிடுதல் என்பன அவை. இவற்றுக்கு அந்நூல்கள் கூறும் காரணம் சிந்திக்கத் தக்கது. வீட்டில் ஐந்து இடங்களில் நாம் அறியாமல் சிற்றுயிர்களைக் கொல்கிறோமாம்: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம். வாழ்வதற்காகவே நாம் பிற உயிர்களுக்குக் கடன்படுகிறோம். அக்கடனைத் தினமும் சிறிதளவேனும் தீர்க்க வேண்டும். இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் ஒரு பிடி அரிசி தர்மம்கூட இல்லை, தவணை. கீதையின் மூன்றாம் அத்தியாயம் தனக்கென்று மட்டுமே சமைத்துக்கொள்வதைக் கடுமையாகக் கண்டிப்பதும் இதனால்தான். திருமூலரும் எவராலும் செய்ய இயலும் அறங்களைச் சொல்லுமிடத்தில், உண்ணும் நேரத்தில் பிறருக்கென ஒதுக்கும் சிறு பங்கையும், பிறரிடம் பேசும் இனிய சொல்லையும் சேர்த்துச் சொல்கிறார். சோற்றுக்கு நிகராகச் சொல்லையும் வைத்தது அவருடைய கருணை. ஒன்றுமே இல்லாதவனும் கொடுப்பவனாகிவிடுகிறான்.

மகாபாரதத்தின் அசுவமேதிக பர்வத்தில் வரும் கீரிப்பிள்ளையின் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தருமபுத்திரரின் அசுவமேத யாகம் முடிந்து எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில், பாதி உடல் பொன்னாயிருந்த ஒரு கீரி அங்கே வந்து, ‘குருக்ஷேத்திரத்து ஏழை அந்தணர் ஒருவர் அளித்த சிறிதளவு மாவுக்கு இந்த யாகம் ஈடாகாது’ என்ற பொருள்படச் சொல்லிற்று. சிந்திய தானியத்தைப் பொறுக்கி உயிர் வாழ்ந்த குடும்பம் அது, பஞ்ச காலம். பல நாள் பட்டினிக்குப் பிறகு கிடைத்த யவ தானியத்தை மாவாக்கி நால்வரும் பங்கிட்டு உண்ண அமர்ந்தபோது ஒரு விருந்தாளி வந்தார். அந்தணர் தம் பங்கைக் கொடுத்தார், பசி அடங்கவில்லை. மனைவி, மகன், மருமகள் என்று ஒவ்வொருவரும் தம் பங்கைக் கொடுத்தனர். அங்கே சிந்தியிருந்த மாவில் புரண்ட கீரிக்குப் பாதி உடல் பொன்னாயிற்று. மறு பாதியையும் பொன்னாக்கிக்கொள்ள அது யாகந்தோறும் போய்ப் புரண்டு பார்க்கிறது.

இக்கதையைப் பெரும்பாலும் தியாகத்தின் பெருமைக்காகவே சொல்கிறோம். எனக்கோ, தருமபுத்திரரின் சபையில் யாரும் கேட்காமலே வந்து இதைச் சொன்ன கீரியின் துணிவே வியப்பாயிருக்கிறது. பெரிய தர்மங்கள் நடக்கும் இடங்களுக்கெல்லாம் இப்படி ஒரு கீரி வந்து போனால் நன்றாயிருக்கும்.

இன்றைக்கு இது தேவையா?

சிலர் கேட்கிறார்கள்: ‘2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தகுதியுள்ள குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் அதுவும் இலவசம். இனி யாருக்கு இந்தப் பிடி அரிசி?’

நியாயமான கேள்வி. பஞ்சத்தால் மக்கள் மடிந்த நாட்டில் சட்டம் உணவுக்கு உறுதியளிப்பது பெரும் பேறு. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் தானியம் வேறு, சோறு வேறு. தனியே வாழும் எண்பது வயது முதியவருக்கு ஐந்து கிலோ அரிசி வீட்டில் இருந்தும், எழுந்து சமைக்க வலு இல்லாமல் பட்டினி கிடக்க நேரலாம். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மும்பை பரேலில் புற்றுநோய் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற டாடா நினைவு மருத்துவமனையை ஒட்டிய நடைபாதைகளில், நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து வந்த நோயாளிகளும் உறவினர்களும் மாதக்கணக்கில் தங்கியிருப்பதுண்டு. மிகக் குறைந்த செலவில் உயர்ந்த சிகிச்சை கிடைப்பதாலேயே அங்கே அத்தனை கூட்டம். குடும்ப அட்டை எங்கோ பீகாரிலோ அசாமிலோ வீட்டில் இருக்கும். அப்படியே அரிசி வாங்க முடிந்தாலும் நடைபாதையில் அடுப்புக்கு எங்கே போவது? அவர்களுக்குச் சூடான ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தத் தொண்டர்களின் பானையில் யார் வீட்டுப் பிடி விழுகிறது என்பதே கேள்வி.

இன்னொரு கேள்வி படித்தவர்களிடமிருந்து வருகிறது: ‘ஆண்டுக்கு ஒருமுறை கைப்பேசியிலேயே நல்ல தொகை அனுப்பிவிடுகிறேனே, தினம் ஒரு பிடி என்ற தொல்லை எதற்கு?’ தொகை அனுப்புங்கள். பல நல்ல பணிகள் அதனால்தான் நடக்கின்றன. எனினும் அது பெறுபவருக்குச் செய்வதைப் போல அனுப்பியவருக்குச் செய்வதில்லை. ஆண்டில் ஒரு நிமிடம் கருணையோடு இருந்தோம். மற்ற நாட்கள் எப்படிப் போயின? பலர் காலையில் எழுந்ததும் ஊக்கம் தேடிக் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். பொன்மொழிகள் வரிசையாக வருகின்றன. ஒன்றை ரசித்து, பத்துப் பேருக்கு அனுப்பி, குளிக்கப் போகும்போது அது மறந்துபோகிறது. ஊக்கம் முதலில் வரும், நற்செயல் பின்னால் வரும் என்று நாம் வரிசையைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அடுப்படியில் மனம் கனத்திருக்கும் நாளிலும், எரிச்சல் மிகுந்த நாளிலும் கை போய் ஒரு பிடியை எடுத்து வைக்கிறது. மனம் அதன் பின்னால் மெல்ல நடந்து வருகிறது. கர்மயோகம் என்ற பெரிய சொல்லுக்கு இல்லத்தில் கிடைக்கும் முதல் அனுபவம் இதுவே.

செய்முறை

ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று கொள்வோம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். ஒரு வீட்டுக்கு இது பெரிய செலவில்லை. ஐம்பது வீடுகள் சேர்ந்தால் 60 கிலோ. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 120 கிராம் அரிசி என்றால் 500 பேர் ஒரு வேளை உண்ணலாம். தனி வீடாகத் தொடங்குவதைவிட நான்கைந்து வீடுகள் சேர்ந்து தொடங்குவது நீடிக்கும். அரிசியைத் திரட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் முறைவைத்துப் பொறுப்பேற்க வேண்டும். இது சிதறுவது பெரும்பாலும் அன்புக் குறைவால் அன்று, ‘யார் எடுத்துப் போவது’ என்று முடிவாகாததால்தான்.

எங்கே சேர்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்க. அருகிலுள்ள முதியோர் இல்லம், மாணவர் விடுதி, அன்னதானம் நடக்கும் ஆலயம், குருத்வாராவின் லங்கர் எதுவாயினும் சரி. என்ன அரிசி அவர்களுக்குப் பயன்படும் என்று கேட்டுவிடுவது மரியாதை. நாம் பச்சரிசியைச் சுமந்து போய், அவர்களோ புழுங்கலரிசி சமைப்பவர்களாயிருந்தால் சங்கடம். கோதுமை உண்ணும் பகுதியில் வாழும் வாசகர்கள் மாவாகச் சேர்க்காமல் கோதுமையாகவே சேர்ப்பது நல்லது. மாவு விரைவில் கெடும். நாம் உண்ணும் அதே தானியத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இதற்கென்று மலிவானதைத் தனியே வாங்கி வைப்பது இந்த வழக்கத்தின் உயிரையே எடுத்துவிடும். மாதத்துக்கு மேல் தேங்க விடாதீர்கள்; வண்டு விழுந்த அரிசியை யாருக்கும் கொடுக்கலாகாது.

சமையலே செய்யாதவர்கள், விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்கள் என்ன செய்வது? அவர்களிடம் அரிசி இல்லாவிட்டாலும் நேரம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுத, அவர்கள் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர் ஒருவர் தேவை. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாக அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம். எழுத வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வராமல் போனால், அம்மாணவரின் ஆண்டு முழுவதின் உழைப்பும் ஆட்டம் கண்டுவிடுகிறது. உங்கள் ஊர்க் கல்லூரியிலோ பார்வையற்றோருக்கான அமைப்பிலோ பெயரைக் கொடுத்து, விதிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். பிழையாகத் தோன்றினாலும் திருத்தாதீர்கள், அது அவருடைய தேர்வு. எழுதி முடித்ததும் ஒருமுறை முழுவதையும் படித்துக் காட்டுங்கள்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல். பூட்டும் பெயரும் அலங்காரமும் தேவையில்லை. அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே, மூடியுள்ள ஒரு சிறு பாத்திரம் போதும். கைக்கு எட்டாத பரணில் வைத்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் உயரத்துக்கு வைக்க வேண்டும். மாதத்தின் கடைசி நாளில் அரிசியைப் பையில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைத் துடைத்து வெயிலில் காய வைத்து, மாலையில் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை உலை வைப்பதற்குள் அது அங்கே இருக்க வேண்டும்.